ஆங்கில ஒலியும் தக்கலை நாக்கும்

கன்னியாகுமரி மாவட்டம் தக்கலையில் டிடிபி, ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். எம்.ஏ. ஆங்கிலம் படிக்கிற பிள்ளைகள் ஒலியியல் அசைன்மென்ட்டை டைப் அடிக்கக் கொண்டுவருவார்கள். தலைகீழாய் நிற்கிற எழுத்து, வால் முளைத்த எழுத்து, இரண்டு எழுத்து ஒட்டிப் பிறந்த மாதிரி ஒன்று என்று பக்கம் முழுக்க இருக்கும். "இது என்ன சத்தம்?" என்று கேட்டால், "அண்ணே, புக்ல உள்ளபடி அடிச்சாப் போதும்" என்று பதில் வரும். பரீட்சைக்கு அது போதும்தான். எனக்கு ஆசை விடவில்லை. ஆள் வராத மத்தியான நேரங்களில் ஒவ்வொரு குறியாக எடுத்து வாயில் வைத்துச் சொல்லிப் பார்க்க ஆரம்பித்தேன். எது வந்தது, எது இன்னும் மல்லுக்கட்டுகிறது என்பதை இங்கே எழுதிவைக்கிறேன்.

முதலில் குறிகள். இவற்றுக்கு ஐபிஏ, அதாவது சர்வதேச ஒலியியல் எழுத்துவரிசை, என்று பெயர். 1886-இல் பாரிஸில் பால் பாஸி தலைமையில் கூடிய மொழியாசிரியர்கள் தொடங்கிய சங்கம் வளர்த்தெடுத்தது. ஓர் ஒலிக்கு ஒரு குறி, ஒரு குறிக்கு ஓர் ஒலி. ஆங்கில எழுத்துக்கூட்டலில் அந்த நியாயம் கிடையாது. 'ரஃப்', 'த்ரூ', 'தோ', 'காஃப்' என்று நான்கு விதமாகச் சொல்கிற இடத்திலும் எழுதுவது என்னவோ அதே ஓ, யூ, ஜி, ஹெச்தான்.

அப்பா ஒரு காலத்தில் அச்சகத்தில் கம்போசிட்டர். அட்டவணையைப் பிரின்ட் எடுத்துக் காட்டினேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு கொஞ்ச நேரம் பார்த்தார். "இதுல பாதிக்குப் புது அச்சு வார்க்க வேண்டாம் மக்களே, உள்ள எழுத்தத் திருப்பி வச்சாப் போதும்" என்றார். விஷயம் அதேதான். ஈய எழுத்துக் காலத்தில் புதிதாக வார்ப்பது செலவு. அதனால் சின்ன 'இ'யைத் திருப்பி ஒரு குறி, 'வி'யைக் கவிழ்த்து ஒரு குறி, 'ஆர்' எழுத்தைப் புரட்டிப் போட்டு ஒன்று என்று சமாளித்திருக்கிறார்கள். இப்போது யூனிகோடில் இவற்றுக்குத் தனிப் பகுதியே இருக்கிறது. டூலோஸ் எஸ்ஐஎல், காரிஸ் எஸ்ஐஎல் என்று இலவச எழுத்துருக்களும் உண்டு. டைப் அடிக்கிற பாடு அதோடு தீர்ந்தது.

பிரிட்டிஷ் உச்சரிப்பில் 24 மெய், 20 உயிர், ஆக 44 ஒலி என்பது பாடப்புத்தகக் கணக்கு. மெய்யொலி ஒவ்வொன்றுக்கும் மூன்று கேள்வி: வாயில் எந்த இடம், மூச்சை எப்படித் தடுக்கிறோம், தொண்டை அதிர்கிறதா. இந்த மூன்றையும் கேட்காமல் குறியை மட்டும் மனப்பாடம் செய்வது வீண் வேலை என்பது என் கட்சி.

நான் அதிக நேரம் கிடந்தது 'டீ' எழுத்தின் ஒலியில். டாக்டர், டேபிள், டீச்சர் என்று ட போட்டு எழுதுகிறோம். ட-வுக்கு நாக்கு நுனி பின்னால் மடங்கி மேலே இடிக்கும். ஆங்கிலத்தில் அந்த மடக்கு இல்லை. மேல்பல்லுக்குப் பின்னால் நாக்கால் தடவினால் ஒரு மேடு தட்டுப்படும். நுனி அங்கே தொட வேண்டும். இன்னும் முன்னால் போய்ப் பல்லில் பட்டால் த ஆகிவிடும், பின்னால் போனால் ட. நடுவில் நிற்க வேண்டும், நிற்க மாட்டேன் என்கிறது.

வழி வீட்டுக்குள்ளேயே இருந்தது. அம்மச்சிக்குப் பிறந்த ஊர் மாவட்டத்து மேற்கில் விளவங்கோட்டுப் பக்கம். அவர்கள் 'காற்று', 'நேற்று' என்று சொல்லும்போது சென்னைக்காரர் வாசிக்கிற 'காட்ரு' வராது, பேச்சில் வரும் 'காத்து'ம் வராது. நாக்கு நுனி அந்த மேட்டில் போய் ஒட்டி, ஒரு கணம் நின்று விடும். மலையாளத்திலும் இந்த ஒலி அப்படியே இருக்கிறது. 'காற்று' என்று அம்மச்சி மாதிரி சொல்ல ஆரம்பித்து, ற் வந்ததும் அங்கேயே நிறுத்தி, நாக்கை நகர்த்தாமல் 'டேபிள்' என்று முடித்துப் பார்த்தேன். அகராதிச் செயலியில் கேட்கிற ஒலி வந்துவிட்டது. மாவட்டத்து மேற்குப் பக்கப் பிள்ளைகளுக்கு இந்த ஒலியைத் தனியாகக் கற்றுக்கொடுக்கவே வேண்டாம். ட என்று எழுதிப் பழகியதால்தான் நாக்கு மடங்குகிறது.

இதைச் சரிபார்க்கத் தொல்காப்பியத்தின் பிறப்பியலை எடுத்தேன். ட, ண ஓரிடம். த, ந ஓரிடம். ற, ன வேறோரிடம் என்று மூன்றாகவே பிரித்திருக்கிறது. ற-வுக்கு நுனிநா நிமிர்ந்து அண்ணத்தை ஒற்ற வேண்டுமாம், ர-வுக்கும் ழ-வுக்கும் வருட வேண்டுமாம். ஐபிஏ அட்டவணையில் அடைப்பொலிக்கு ஒரு வரிசையும், உரசாமல் நெருங்கி மட்டும் வரும் ஒலிக்கு வேறொரு வரிசையும் போட்டிருப்பதைப் பார்த்தபோது இந்த 'ஒற்ற', 'வருட' இரண்டும்தான் ஞாபகம் வந்தன. அந்த நூல் அதங்கோட்டு ஆசான் முன்னால் அரங்கேறியது என்று பாயிரம் சொல்கிறது. அந்த அதங்கோடு எங்கள் மாவட்டத்து மேற்கில் இருக்கிற ஊர்தான் என்று இங்கே யாரைக் கேட்டாலும் அடித்துச் சொல்வார்கள். நானும் அந்தக் கூட்டம்தான்.

அடுத்தது மூச்சு. மதினி நர்ஸ். இங்கிலாந்து போவதற்காக ஓஇடி என்ற ஆங்கிலப் பரீட்சைக்குப் படிக்கிறார்கள். மாத்திரையும் 'பில்', ஆஸ்பத்திரிக் கணக்கும் 'பில்'. தமிழில் எழுதினால் இரண்டும் ஒன்றே. மாத்திரைக்குத் தொண்டை அதிரக் கூடாது, கணக்குக்கு அதிர வேண்டும். அதை மதினி சரியாகத்தான் செய்தார்கள். ஆனாலும் ஆங்கிலக் காதுக்கு அது பத்தாது. அவர்கள் சொல்லின் தொடக்கத்தில், அழுத்தம் விழுகிற அசையில், ப, ட, க ஒலிகளோடு ஒரு மூச்சையும் சேர்த்துத் தள்ளுகிறார்கள். மூச்சில்லாமல் 'பில்' என்றால் மாத்திரை கேட்டவருக்குக் கணக்குச் சீட்டு என்று காதில் விழலாம். அதே ஒலிக்கு முன்னால் 'ஸ்' வந்துவிட்டால், 'ஸ்பின்', 'ஸ்டாப்' மாதிரி, மூச்சு தேவையில்லை. நம் தமிழ் ப-வே போதும்.

சோதனை சுலபம். ஒரு துண்டுக் காகிதத்தை உதட்டுக்கு முன் தொங்கவிட்டு 'பில்' சொல்ல வேண்டும், காகிதம் ஆட வேண்டும். மதினியும் நானும் திண்ணையில் உட்கார்ந்து இதைச் செய்வதைப் பார்த்து அம்மச்சி, "ரெண்டு பேரும் எதுக்கு மக்களே கடலாச ஊதிட்டு இருக்கிய?" என்று கேட்டுவிட்டுப் போனார்கள். எங்கள் பக்கத்தில் காகிதம்தான் கடலாசு.

காகிதம் ஆடியதா என்பதில் எங்களுக்குள் தகராறு வந்ததால் பிராட் என்ற மென்பொருளை இறக்கினேன். ஆம்ஸ்டர்டம் பல்கலைக்கழகத்தின் பால் புர்ஸ்மாவும் டேவிட் வீனிங்கும் எழுதியது, காசு கிடையாது. போனில் பதிவுசெய்த குரலைப் போட்டால் அலையாக விரித்துக் காட்டும். உதடு திறக்கிற இடத்துக்கும் தொண்டை அதிரத் தொடங்குகிற இடத்துக்கும் நடுவில் எவ்வளவு நேரம் என்று அளக்கலாம். என் தமிழ்ப் 'பல்'லில் அந்த இடைவெளி 15 மில்லி விநாடிக்குக் கீழே. மதினியின் மாத்திரைப் 'பில்' முதலில் 20-ஐத் தொட்டது. பழகிய பிறகு 60-க்குப் பக்கத்தில் நிற்கிறது. இதற்கு மேல் தகராறு இல்லை.

சில ஒலிகள் சும்மா கிடைத்தன. 'திஸ்', 'தட்' இரண்டிலும் முதலில் வருகிற ஒலி, நாம் 'அது' என்று வேகமாகச் சொல்லும்போது நடுவில் வருகிறதே, கிட்டத்தட்ட அதேதான். 'திங்க்' மட்டும் தனி: நாக்கு நுனியைப் பல்லிடுக்கில் வைத்து ஊத வேண்டும், அதற்குக் கணக்கில் வரும் தீட்டாவையே குறியாக வைத்திருக்கிறார்கள். 'ரெட்' சொல்ல ரகரத்தைத் தட்டாமல், ழகரத்துக்கு மடக்குவதில் பாதி மடக்கி, எதையும் தொடாமல் விட்டால் சரியாகிறது. ஸ்-ஐத் தொண்டை அதிரச் சொன்னால் இசட். இதில் வேடிக்கை, நாய்கள், பூனைகள் என்பதற்கான ஆங்கிலச் சொற்களில். இரண்டிலும் கடைசி எழுத்து எஸ். நாய்களில் அது இசட்டாகிவிடும், பூனைகளில் எஸ்ஸாகவே நிற்கும். முன்னால் நிற்கிற ஒலி அதிர்கிறதா என்பதுதான் கணக்கு.

உயிரொலிதான் பாடாய்ப் படுத்துகிறது. நாக்கு எங்கேயும் தொடாது, தொட்டுப் பார்த்துத் தெரிந்துகொள்ள முடியாது. அதனால்தான் ஆங்கில ஒலியியல் அறிஞர் டேனியல் ஜோன்ஸ் எட்டு முதன்மை உயிர்களை எல்லைக்கல்லாக நட்டு, மற்றவற்றை அவற்றிலிருந்து எவ்வளவு தூரம் என்று சொல்ல வைத்தார். இ, ஈ என்று நமக்குக் குறில் நெடில் இருக்கிறதே, 'ஷிப்'பும் 'ஷீப்'பும் சுலபம்தானே என்று தோன்றும். கப்பலுக்கு நாக்கு கொஞ்சம் தாழ்ந்து தளர வேண்டும், ஆட்டுக்கு உயர்ந்து இறுக வேண்டும். நீளம் மட்டும் மாற்றினால் ஆகாது. 'கோட்', 'கேட்' சொல்லும்போது நம் ஓ-வும் ஏ-வும் ஒரே இடத்தில் நிற்கும். அவர்களுடையது நகரும்: ஏ தொடங்கி இ பக்கம் சாயும், ஓ உ பக்கம் போய் முடியும். பூனைக்கான 'கேட்'டும் வெட்டுவதற்கான 'கட்'டும் எனக்குக் காதில் பிரிந்துவிட்டன. வாயில் பாதி நாள்தான் பிரிகின்றன.

தலைகீழ் 'இ' இருக்கிறதே, அதுதான் ஆங்கிலத்தில் அதிகம் வருகிற உயிர். 'அபௌட்'டின் தொடக்கம், 'சோபா'வின் கடைசி. உதடும் நாக்கும் எந்தப் பக்கமும் போகாமல் சும்மா கிடக்க வேண்டும். மேற்கே பேச்சில் சொல்லின் கடைசியில் உகரத்தைத் தேய்த்து விடுகிறோமே, அது இதற்குப் பக்கத்து வீடு. அழுத்தம் எங்கே விழுகிறதோ அந்த அசை முழுதாய் நிற்கும், மற்ற அசைகளில் பல இந்தத் தலைகீழ் 'இ'யாகச் சுருங்கிவிடும். 'ஃபோட்டோகிராஃப்' என்றால் அழுத்தம் முதல் அசையில். 'ஃபோட்டோகிராஃபர்' என்றதும் இரண்டாவதுக்குத் தாவும், முதல் 'ஃபோ' ஃபவாகச் சுருங்கும். 'ஹோட்டல்' என்று நாம் முதலில் ஊன்றுகிறோம், அவர்கள் இரண்டாவதில். தமிழில் எல்லா அசைக்கும் ஏறக்குறைய ஒரே நடை கொடுத்துப் பேசிப் பழகிய வாய்க்கு இது நேரம் எடுக்கிறது.

அழுத்தக் குறி பற்றி டிடிபி கடைக்காரனாக ஒரு வார்த்தை. அது அசைக்கு முன்னால், மேலே நிற்கிற சின்ன நேர்க்கோடு. மேற்கோள் குறியைப் போட்டு ஒப்பேற்றக் கூடாது. யூனிகோடில் அதற்குத் தனி எண். இரண்டாம் நிலை அழுத்தத்துக்கு அதே கோடு கீழே வரும்.

இப்போது மதினியும் நானும் 'வெரி வெல்' என்ற இரண்டே சொல்லில் நிற்கிறோம். முதல் சொல்லுக்குக் கீழுதடு மேல்பல்லில் உரச வேண்டும், சத்தம் கேட்கும்படி. இரண்டாவதுக்குப் பல் படவே கூடாது, உதட்டைக் குவித்து விட வேண்டும். நம் வ இரண்டுக்கும் நடுவில், உரசியும் உரசாமலும் இருப்பதால், இரண்டு சொல்லுக்கும் அதுவே ஓடிவந்து நிற்கிறது. 'வெல்'லின் கடைசி ல-வுக்கு நாக்கின் பின்பக்கம் வேறு தூக்க வேண்டுமாம். இது படிந்த பிறகு, 'அண்ட்' போன்ற சின்னச் சொற்கள் பேச்சோட்டத்தில் வெறும் 'ன்' அளவுக்குத் தேய்வதைக் குறியில் எழுதிப் பார்க்க வேண்டும். அதற்கு வானொலிச் செய்தியைப் பதிவுசெய்து வைத்திருக்கிறேன்.