ஃபெலோஷிப் எங்கே என்று கேட்கும் ஜூனியர்களுக்கு

மகப்பேறு மருத்துவத்தில் முதுநிலை முடித்த ஜூனியர்களில் மாதம் ஒருவராவது போன் செய்கிறார். "ஹை ரிஸ்க் பிரெக்னன்சியில் ஃபெலோஷிப் பண்ணலாம்னு இருக்கேன் மேடம், எங்கே அப்ளை பண்ணட்டும்?" ஆபத்து அதிகமுள்ள கர்ப்பங்களைக் கவனிக்க, முதுநிலைக்குப் பிறகு எடுக்கும் மேற்பயிற்சிதான் அது. பதில் சொல்வதற்கு முன்னால் நான் ஒன்று கேட்பேன். ராத்திரி இரண்டு மணிக்கு 180/120 பி.பி.யோடு, தலைவலி தாங்காமல், கண் மங்கலாகத் தெரிகிறது என்று வரும் கர்ப்பிணியின் பக்கத்தில் நிற்கப் பிடிக்குமா, இல்லை இருட்டறையில் உட்கார்ந்து கருவின் இதயத்தில் நாலு அறையும் சரியாக இருக்கிறதா என்று பார்க்கப் பிடிக்குமா? இரண்டும்தான் என்பார்கள். அந்த வயதில் நானும் அதைத்தான் சொல்லியிருப்பேன். ஆனால் இரண்டையும் ஒரே அக்கறையோடு சொல்லிக்கொடுக்கும் இடங்கள் குறைவு, அது சேர்ந்த பிறகுதான் தெரிய வருகிறது.

இந்தத் துறையின் பெயரான மெட்டர்னல் ஃபீட்டல் மெடிசினில் தாயும் (மெட்டர்னல்) இருக்கிறார், கருவும் (ஃபீட்டல்) இருக்கிறது. ஸ்கேன் மெஷின்கள் நன்றாக ஆக ஆக, எல்லோர் கண்ணும் திரையில் தெரியும் கருவின் மேலேயே போய்விட்டது. அமெரிக்காவில் 2013 வாக்கில் அந்தத் துறையின் மூத்த மருத்துவர்களே, தாயைக் குறிக்கும் 'எம்' எழுத்தைத் திரும்பக் கொண்டுவர வேண்டும் என்று வெளிப்படையாக எழுதினார்கள். ஆகவே எந்த இடத்துக்கு விண்ணப்பித்தாலும், தீவிர சிகிச்சைப் பிரிவில் எத்தனை வாரம், பிரசவ அறையில் பொறுப்பெடுத்து நிற்பது எத்தனை வாரம் என்று கேட்டுவிடுங்கள். "அதெல்லாம் பார்த்துக்கலாம்" என்று பதில் வந்தால் ஸ்கேன் அறைதான் கதி.

கால அளவைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. அமெரிக்காவில் நாலு வருட ரெசிடென்சிக்கு (நம் முதுநிலைப் படிப்பு போன்றது) பிறகு மூன்று வருடம், அதில் கணிசமான பகுதி ஆராய்ச்சிக்கு. பிரிட்டனில் மகப்பேறு மருத்துவர்களின் ராயல் காலேஜ் நடத்தும் சப்ஸ்பெஷாலிட்டி (உட்பிரிவு) பயிற்சி பொதுவாக மூன்று வருடம், ஏற்கெனவே தகுந்த ஆராய்ச்சி செய்தவர்களுக்கு இரண்டு.

சீட் கிடைக்கும்வரை சும்மா இருக்க வேண்டியதில்லை. லண்டனில் பேராசிரியர் கிப்ரோஸ் நிக்கோலைடஸ் தொடங்கிய ஃபீட்டல் மெடிசின் ஃபவுண்டேஷன் இணையத்தில் இலவசமாகவே பாடம் நடத்துகிறது. கருவின் கழுத்துக்குப் பின்னால் தோலுக்கடியில் சேரும் நீரை அளக்கும் என்.டி. ஸ்கேனுக்கு, பாடத்தை முடித்து, நீங்கள் எடுத்த படங்களை அனுப்பி அவர்கள் ஏற்றுக்கொண்டால் சான்றிதழ் உண்டு. கேட்க எளிதாகத்தான் இருக்கும். கரு தலை முதல் பிட்டம் வரை 45-லிருந்து 84 மில்லிமீட்டருக்குள் இருக்க வேண்டும், தலையும் மார்பின் மேல்பகுதியும் மட்டும் திரையை நிறைக்க வேண்டும், கழுத்து நிமிர்ந்தும் இருக்கக்கூடாது, குனிந்தும் இருக்கக்கூடாது, அப்புறம் அளவெடுக்கும் குறியை, நீரின் இருபுறமும் தெரியும் வெள்ளைக் கோட்டின் மேலேயே வைக்க வேண்டும், நடுவில் கறுப்பாகத் தெரியும் நீருக்குள் இறங்கக்கூடாது. நான் பெருமையாகக் கொண்டுபோய்க் காட்டிய முதல் படத்தைப் பார்த்து என் ஆசிரியை, "இது தோல் இல்லைம்மா, பனிக்குடச் சவ்வு. குழந்தை அசையற வரைக்கும் காத்திருந்து பார்த்தியா?" என்றார். பார்க்கவில்லை. கரு கொஞ்சம் துள்ளினால் தோல் அதோடு போகும், சவ்வு அங்கேயே நிற்கும். அந்தத் துள்ளலுக்காகச் சில நாள் இருபது நிமிடம் ஸ்கேன் கருவியின் புரோபை (வயிற்றின் மேல் வைக்கும் கைப்பிடியை) பிடித்துக்கொண்டு மணிக்கட்டு வலிக்க உட்கார்ந்திருக்கிறேன். இதை வீடியோ சொல்லித்தராது, பக்கத்தில் ஒருவர் நிற்க வேண்டும்.

ஆராய்ச்சி என்றதும் பலருக்கு முகம் வாடிவிடுகிறது. பெரிய லேப், பெரிய பணம் என்ற நினைப்பு. அவர்களுக்கு நான் காட்டுவது இரண்டு ஆய்வுகளை. 2017-ல் வந்த ஆஸ்ப்ரே ஆய்வு: 11 முதல் 14 வாரத்துக்குள் டாப்ளர் ஸ்கேன் (ரத்த ஓட்டத்தைப் பார்ப்பது), பி.பி., ரத்தப் பரிசோதனை எல்லாவற்றையும் சேர்த்துக் கணக்குப்போட்டு, ஆபத்து அதிகம் என்று தெரிந்த பெண்களுக்கு 36 வாரம் வரை தினமும் இரவில் 150 மில்லிகிராம் ஆஸ்பிரின். 37 வாரத்துக்கு முன்பே பிரசவத்தில் கொண்டுபோய்விடும் பிரீஎக்லாம்ப்சியா (கர்ப்பகாலத்தில் பி.பி. ஏறி உறுப்புகளைப் பாதிக்கும் நோய்) 4.3 சதவீதத்திலிருந்து 1.6 ஆகக் குறைந்தது. இன்னொன்று 2023-ல் வந்த இ-மோட்டிவ், நாலு ஆப்பிரிக்க நாடுகளில் 80 மருத்துவமனைகளில் நடந்தது. பிரசவித்த பெண்ணுக்கு அடியில் அளவுக்கோடு போட்ட ஒரு பிளாஸ்டிக் விரிப்பு, ரத்தம் எவ்வளவு போகிறது என்று கண்ணால் குத்துமதிப்பாகச் சொல்லாமல் அளந்து பார்ப்பது, எல்லை தாண்டியதும் சிகிச்சைகளை ஒன்றன்பின் ஒன்றாக இழுத்தடிக்காமல் ஒரே மூச்சில் கொடுப்பது, அவ்வளவுதான். கடும் ரத்தப்போக்கு, அதற்காக வயிற்றைத் திறக்கும் அறுவை சிகிச்சை, ரத்தப்போக்கால் மரணம் மூன்றையும் சேர்த்த கணக்கு 4.3-லிருந்து 1.6 ஆனது. ஆமாம், அதே எண்கள், தற்செயல்தான்; முதல் முறை படித்தபோது எங்கோ தவறாகப் பார்க்கிறேன் என்று நினைத்து மறுபடி சரிபார்த்தேன். ஒன்றுக்கு டாப்ளரும் அல்காரிதமும் வேண்டியிருந்தது, இன்னொன்றில் புது மருந்துகூட இல்லை.

தரவு கையில் இல்லை என்பவர்களுக்கும் வழி உண்டு. தாய்-சேய் நல ஆய்வுக்கான அமெரிக்க அரசின் என்.ஐ.சி.எச்.டி. நிறுவனம் 1986-ல் தொடங்கிய மகப்பேறு ஆய்வு வலையமைப்பின் பழைய ஆய்வுத் தரவுகளில் பலவற்றை, முறையாகக் கேட்டால் ஆய்வாளர்களுக்குத் தருகிறார்கள். புள்ளியியல் தெரிந்த ஒருவரைச் சேர்த்துக்கொண்டால் ஒரு நல்ல கேள்விக்கு அதில் விடை தேடலாம். அரிதான சிக்கல்களில் ஆர்வம் என்றால் அவற்றை நாடு முழுக்கக் கணக்கெடுக்கும் பிரிட்டனின் யூகாஸ் (UKOSS) முறையைப் படித்துப் பாருங்கள். 2005 முதல், மூத்த மருத்துவர் பொறுப்பிலுள்ள ஒவ்வொரு மகப்பேறு பிரிவிலும் இதற்கென நியமிக்கப்பட்டவர்களிடம் மாதாமாதம் "இந்தச் சிக்கலோடு யாராவது வந்தாரா?" என்று கேட்கிறார்கள், வரவில்லை என்றாலும் பதில் அனுப்ப வேண்டும். அந்த 'இல்லை'கள் இருப்பதால்தான் வந்த கேஸ்களை வைத்துக் கணக்குப்போட முடிகிறது. ஒரு மருத்துவமனையில் பத்து வருடத்தில் இரண்டே முறை வரும் சிக்கலை வேறு எப்படி ஆராய்வது?

கடைசியாக ஒன்று. விளம்பரத்தில் "வாரம் ஒரு நாள் ஆராய்ச்சிக்கு" என்று போட்டிருப்பார்கள். அதை நம்பாமல், அங்கே இப்போது படித்துக்கொண்டிருக்கும் ஃபெலோ ஒருவருக்கு போன் போட்டு, போன வாரம் அந்த நாளில் என்ன செய்தீர்கள் என்று கேளுங்கள். போன மாதம் ஒரு ஜூனியர் அப்படிக் கேட்டிருக்கிறார். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லையாம். அப்புறம், "மூணு சிசேரியன்" என்று பதில் வந்ததாம்.