ஒரு பாட்டில் கடல்தண்ணீர்

பேய் பிசாசை நம்பாத அறிவியல் டீச்சர் ஒருத்தி, கடலூர் தேவனாம்பட்டினத்து மீனவர் வீட்டுப் பையன் ஒருவன். இவர்களை வைத்து ஒரு காதல் நாவலை எழுதி முடிக்க எனக்கு இரண்டு வருடம் ஆனது. மூன்று முறை முழுதாகத் திருப்பி எழுதினேன்.

மர்மத்துக்குக் கடலூரில் பஞ்சமில்லை. 1690இல் ஆங்கிலேயக் கம்பெனி மராத்தியரிடம் புனித டேவிட் கோட்டையை வாங்கியபோது, பீரங்கிக் குண்டு போய் விழுகிற தூரம் வரை நிலம் என்று பேச்சு. அந்த எல்லைக்குள் வந்த ஊர்களைக் குண்டு கிராமங்கள் என்பார்கள். அந்தப் பீரங்கி ராத்திரியில் இன்னும் வெடிக்கிறது என்று நானே கதை கட்டி நாற்பது பக்கம் எழுதினேன். பிறகு எடுத்துவிட்டேன். அதில் காதலுக்கு வேலையே இல்லை.

மிஞ்சியது அலையில் தெரியும் நீல வெளிச்சம். 2019 ஆகஸ்டில் சென்னைக் கடற்கரையில் மின்னியதே, அதுதான். நாக்டிலூக்கா என்ற ஒற்றைச் செல் உயிர், தண்ணீர் அலைக்கழிந்தால் ஒளிவிடும். முதல் பிரதியில், கடலுக்குப் போய்த் திரும்பாத அப்பாதான் அந்த வெளிச்சம் என்று பையன் நம்புவான். டீச்சர் பாட்டிலில் கடல்தண்ணீரை மொண்டு வந்து இருட்டறையில் குலுக்கிக் காட்டுவாள். அவன் தலைகுனிவான்.

படித்துவிட்டு என் மாமியார் கேட்டார்: "அவ சொன்னது சரிதான். அப்புறம் இந்தப் பையன் ஏன் அவளைக் கட்டிக்கிறான்?"

என்னிடம் பதில் இல்லை. இரண்டாவது பிரதியில் அவளை நம்ப வைத்தேன். அது இன்னும் மோசம். கேள்வி கேட்கிற பெண்ணை அதட்டி உட்கார வைத்த மாதிரி இருந்தது.

அதன் பிறகுதான் கரையில் போய் உட்கார்ந்தேன். முதலிலேயே செய்திருக்க வேண்டியது. வலையைச் சரிபார்த்துக்கொண்டிருந்த பெரியவரிடம், அந்த வெளிச்சம் பயமாக இருக்காதா என்று கேட்டேன். "பயம் என்னம்மா? மீன் கூட்டம் போறது அந்த வெளிச்சத்துலதான தெரியும்" என்றார்.

அங்கேயே என் நாவல் திரும்பியது. நம்புகிறவர்கள் எதையும் உற்றுப் பார்க்க மாட்டார்கள் என்று நானாக முடிவு கட்டியிருந்தேன். இவர்களோ என் டீச்சருக்கு வெகு முன்பே பார்த்துத் தெரிந்துகொண்டவர்கள்.

மூன்றாவது பிரதியிலும் அவள் பாட்டிலைக் குலுக்குகிறாள். "தெரியும் டீச்சர். இதுல மீன் பார்க்கக் கத்துக்கொடுத்ததே எங்க அப்பாதான்" என்கிறான் அவன். அவள் பாட்டிலைக் கீழே வைத்துவிட்டு, "உங்க அப்பாவைப் பத்திச் சொல்லுங்க" என்கிறாள். விடியும் வரை அவன் பேசுகிறான். அந்த அத்தியாயத்தை ஒரே ராத்திரியில் எழுதினேன். அதற்குப் பிறகு அதில் ஒரு வரிகூட மாற்றவில்லை.