மூண்டு அங்குல மயிரில சடை தொடங்கின கதை

"முதல்ல தோள் வரைக்கும் வளரட்டும், பிறகு பாப்பம்" எண்டுதான் டிரெட்லொக்ஸ் எண்டுற சிக்குச் சடை போட ஆசைப்படுற எல்லாருக்கும் சொல்லுவினம், நானும் அதை நம்பித்தான் இருந்தனான். இப்ப ஏழு மாசமா என்ர தலையில 72 சடை இருக்கு, தொடங்கேக்க மயிர் வெறும் 3 அங்குலம். போன கிழமை எங்கட திருகோணமலை உப்புவெளி கடக்கரையில ரெண்டு பெடியள் வந்து "அண்ணே, எங்கட கட்டை மயிரிலயும் இது நிக்குமா" எண்டு கேட்டவங்கள், அரை மணித்தியாலம் நிண்டு கதைச்சும் முடியேல்ல, அதான் ஆறுதலா இருந்து எழுதுறன்.

நான் ஆசைப்பட்டுக் கட்டையா வெட்டினவன் இல்லை. போன வருசம் ஐப்பசியில மயிர் கழுத்துக்குக் கீழ கிடந்தது, ஒரு சலூனுக்குப் போய் டிரெட்லொக்ஸ் போட்டுவிடச் சொல்லிக் கேட்டன், அங்க இருந்தவர் பிரிச்சு முறுக்கி, முறுக்கினது அவிழக்கூடாது எண்டு தேன்மெழுகை அடியில இருந்து நுனி வரைக்கும் அப்பி விட்டிட்டார். அண்டைக்குப் பாக்க நல்ல வடிவு. மூண்டாம் நாள் கடலுக்கை இறங்கினா மணல் முழுக்க அதில ஒட்டிக்கொண்டுது, எத்தினை தரம் ஷாம்பு போட்டும் போகேல்ல, மழையும் தொடங்க பத்துப் பன்ரெண்டு நாளில தலைக்குள்ள இருந்து ஈரச்சாக்கு மணம் வரத் தொடங்கீற்று. சினேகிதன் ஒருத்தன் கன்னியா வெந்நீர் ஊத்துக்குக் கூட்டிக்கொண்டு போய் ஏழு கிணத்துத் தண்ணியையும் மாறி மாறி அள்ளி ஊத்தினான். தேன்மெழுகு உருகவே 60 பாகை செல்சியசுக்கு மேல சூடு வேணும், கன்னியாத் தண்ணி உடம்பு தாங்குற சூடுதான், பிறகெங்க போறது. கடைசியில மெஷின் வச்சு ஒட்ட வழிச்சதுதான். அம்மா வாசல்ல நிண்டு பாத்தா, ஒரு சொல்லும் சொல்லேல்ல, அவ ஏசியிருந்தா எனக்கு அவ்வளவு கஷ்டமா இருந்திராது.

அதால இதை முதல் சொல்லுறன், நீட்டு மயிரோ கட்டை மயிரோ, மெழுகு மட்டும் வேண்டாம். சடை பிடிக்கிறது மயிரும் மயிரும் சிக்குப்பட்டுத்தான், பசை போட்டு இல்லை.

எனக்கு இந்த ஆசை எங்க இருந்து வந்தது எண்டு கன பேர் கேக்கினம். யாழ்ப்பாணத்தில செல்வச்சந்நிதியில இருந்து கதிர்காமத்துக்கு நடந்து போற பாதயாத்திரைச் சாமிமார் எங்கட ஊராலதானே போறவை. எனக்கு எட்டு வயசு இருக்கும், ஒரு முறை எங்கட கோயில் மடத்தில தங்கின ஒரு வயசுபோன சாமி திண்ணையில கண்ணை மூடிக்கொண்டு இருந்தார், சடை முதுகால இறங்கி நிலத்தில சுருண்டு கிடந்தது. நான் மெல்ல விரலால தொட்டுப் பாத்தன். தும்புக்கயிறு மாதிரிச் சொரசொரப்பா இருக்கும் எண்டு நினைச்சனான், ஆனா வெளியால மெத்தெண்டு, அமத்தினா உள்ளுக்கு இறுக்கமா இருந்தது, வெயிலில காய்ஞ்ச சூடும் இருந்தது. அவர் கண் திறக்காமலே சிரிச்சார். அந்தச் சூடு இண்டைக்கும் என்ர விரலில இருக்கு.

சரி, வேலைக்கு வருவம். மயிர் மாசத்துக்கு அரை அங்குலம் அளவிலதான் வளரும், கார்த்திகையில வழிச்ச தலை வைகாசியில 3 அங்குலத்துக்கு வந்தது. ஆபிரிக்க ஆக்களின்ர சுருள் மயிர் எண்டா ஒரு அங்குலம் ரெண்டு அங்குலத்திலயே சீப்பு நுனியால சுருட்டிச் சுருட்டி விட்டாக் காணும், அது தன்பாட்டில பிடிக்கும். எங்கட நேர் மயிருக்கு, கொஞ்சம் அலை மயிருக்கும் அது சரிவராது, முதல் தோய்ச்சலிலயே அவிழ்ந்திரும். எங்களுக்கு ஏலுமான வழி சீப்பால அடிப்பக்கம் தள்ளிச் சிக்காக்கிப்போட்டு, நுனியில கொக்கி இருக்கிற குரோஷே ஊசியால இறுக்குறது. அதுக்கும் 3 அங்குலமாவது வேணும், அதுக்குக் குறைஞ்சா விரலால பிடிக்க இடம் இல்லை, நாலு அஞ்சு இருந்தா இன்னும் லேசு.

என்ர அதிஷ்டம், மச்சாள் சின்ன வயசில இருந்து குரோஷே பின்னுறவ, மேசைவிரிப்பு, டீவிக்கு மேல போடுற துணி எல்லாம் அவவின்ர கை. அவவிட்ட 0.75 மில்லிமீற்றர் ஊசி இருந்தது, அதுதான் சரியான அளவு, மொத்த ஊசி எண்டா மயிரை வளையம் வளையமா வெளிய இழுத்துவிடும். முதல்ல தலையை ஒரு அங்குலம், கூடினா ஒண்டேகால் அங்குலச் சதுரமாப் பிரிச்சா. கோடு நேருக்கு நேர் வராம செங்கல் அடுக்குற மாதிரி ஒண்டுவிட்டு ஒண்டு, இல்லாட்டி தலையோடு பாத்தி கட்டின மாதிரித் தெரியும். கட்டை மயிருக்கு இந்தப் பிரிப்புத்தான் முக்கால்வாசி வேலை. சின்னனாப் பிரிச்சா நாளைக்கு நீண்டாப் பிறகு பாரம் தாங்காது, பெருசாப் பிரிச்சா சிக்கே நிக்காது.

ஒரு சதுரத்தை எடுத்து நுனியை ரெண்டு விரலால இறுக்கிப் பிடிச்சு, பேன் சீப்பு மாதிரி நெருக்கமான சீப்பை அடியில வச்சு, கொஞ்சம் கொஞ்சமா தலைப்பக்கம் தள்ளோணும். நாலு தள்ளலில அடியில பஞ்சு மாதிரி ஒரு முடிச்சு எழும்பும், பிறகு அதுக்கு மேல, பிறகு அதுக்கு மேல. நுனி வரைக்கும் வந்தோடன ஒரு சின்ன றப்பர், அடுத்தது ஊசி. ஊசியைச் சடைக்குள்ளால விட்டு அங்கால தொங்குற மயிர் ரெண்டு மூண்டைக் கொழுவி உள்ளுக்கு இழுக்கிறது, சடையை உருட்டி உருட்டி எல்லாப் பக்கத்தாலயும் அதே வேலை. சர் சர் எண்டு ஒரு சத்தம் காதுக்குப் பக்கத்தில கேட்டுக்கொண்டே இருக்கும். ஒண்டுக்கு இருபது நிமிசம், மத்தியானம் சாப்பிட்டு இருந்தா விளக்கு வைக்கிற நேரம் வரைக்கும் பன்ரெண்டு, அப்பிடி ஆறு நாள். பிடரியிலயும் காதடியிலயும் மயிர் வழுக்கிக்கொண்டே போகும், அங்க பொறுமை வேணும். 3 அங்குலம் சுருங்கி 2 அங்குலமா நிண்டது. றப்பரை ரெண்டு கிழமையில கழட்டிப் போடோணும், விட்டா உள்ளுக்குப் புதைஞ்சிரும்.

அடியை மட்டும் மச்சாள் கொஞ்சம் தளர விட்டா, நான் "இறுக்கு இறுக்கு" எண்டு நிண்டனான், அவ விடேல்ல. அதுதான் சரி. அடியில கடுமையா இறுக்கினா தோல் நோகும், சின்னச் சின்னப் பருமாதிரி வரும், கன நாள் இழுபட்டா அந்த இடத்தில மயிர் வளராமலே போயிரும்.

இனித் தோயுறது. அழுக்கா இருந்தாத்தான் சடை பிடிக்கும் எண்டு ஊரில ஒரு நினைப்பு, அது சுத்தப் பிழை. எண்ணெய் இருந்தா மயிர் வழுக்கும், வழுக்கினாச் சிக்குப்படாது. சுத்தமான காய்ஞ்ச மயிர்தான் ஒண்டையொண்டு பிடிக்கும். முதல் ஒரு கிழமை தலையில தண்ணி படாமப் பாத்தனான், பிறகு கிழமைக்கு ரெண்டு தரம் தோய்வன். கண்டிஷனர் கலக்காத ஷாம்பு, நுரையைத் தலைத்தோலில மட்டும் தேய்ச்சு, சடைக்குள்ளால தண்ணியை ஓட விட்டா அது போதும். சீயாக்காய், அரப்புத் தூள் ஒண்டும் வேண்டாம், தூள் உள்ளுக்கு இறங்கினா வெளிய வராது, பொடுகு மாதிரிக் கிடக்கும். தோய்ஞ்சு முடிய ஈரத்தோடயே அடியில பக்கத்துச் சடையள் ஒண்டோடொண்டு பின்னுப்பட்டிருந்தா விரலால மெல்லப் பிரிச்சு விடோணும், ரெண்டு கிழமை விட்டா ரெண்டு சடை ஒரு சடை ஆகீரும்.

எங்கட வீட்டில இதில பெரிய பிரச்சினை எண்ணெய்தான். சனிக்கிழமை எண்டா அம்மம்மா நல்லெண்ணெயை இளஞ்சூடாக்கிக்கொண்டு வந்து உச்சியில வச்சுத் தேய்ப்பா, முப்பது வயசு கிட்ட வந்தும் எனக்கு அது நிக்கேல்ல. சடை போட்ட முதல் சனிக்கிழமை அவ கிண்ணத்தோட வந்து நிண்டா, நான் "வேண்டாம் அம்மம்மா, எண்ணெய் வச்சா அவிழ்ந்திரும்" எண்டு சொன்னன். கிண்ணத்தைத் திருப்பிக் குசினியில வச்சிட்டு வந்து சொன்னா, "சடை விழுறது வேற, விழுத்துறது வேற தம்பி. எங்கட அம்மாவின்ர தங்கச்சிக்குத் தானா விழுந்தது, அம்மாளின்ர வரவெண்டு ஒருத்தரும் வெட்டேல்ல." நான் எதிர்த்துக் கதைக்கேல்ல. அவ சொன்னதில நியாயம் இருக்கு, எனக்குச் சாமி வரேல்ல, நானா ஆசைப்பட்டு எடுத்தது, அதை நான் அப்பிடியே ஒத்துக்கொள்ளுறன்.

உப்புவெளிப் பக்கம் என்னை றஸ்தா எண்டு கூப்பிடுவாங்கள். அது ஒரு ஸ்டைலின்ர பேர் இல்லை. 1930 இல எத்தியோப்பியாவில ஹெய்லி செலாசி எண்டு முடிசூடின அரசருக்கு முந்தின பேர் றஸ் தஃபாரி, யமைக்காவில அவரைக் கடவுளா நம்பின ஏழைச் சனம்தான் றஸ்தஃபாரி ஆக்கள். அவைக்குச் சடை எண்டா விரதம், தலையில கத்தி படக்கூடாது எண்டு பைபிளில எண்ணாகமம் 6 ஆம் அதிகாரத்தில வாற நசரேய விரதம். பக்கத்து வீட்டு அன்ரி கேட்டிட்டு "சிம்சோனுக்கும் ஏழு சடை இருந்ததுதானே" எண்டு பைபிளை எடுத்துக் காட்டினா. இஞ்ச கோணேசர் மலையில இருக்கிறவருக்கும் சடைதான். ஒவ்வொரு சனத்துக்கும் இது தலைக்கு மேல வச்ச ஒரு நேர்த்தி, போடுறவன் அது தெரிஞ்சு போடோணும் எண்டு நான் நினைக்கிறன்.

கடல் எங்களுக்குக் கிடைச்ச பெரிய உதவி. உப்புத்தண்ணி மயிரைச் சொரசொரப்பாக்கும், சிக்கு கெதியா இறுகும், வைகாசியில இருந்து ஆவணி வரைக்கும் கிழமைக்கு ரெண்டு நாள் கடலில குளிச்சன். வந்தோடன கிணத்துத் தண்ணியில அலசோணும், உப்பைத் தலையிலயே காய விட்டா மயிர் முறியத் தொடங்கும். முதல் மூண்டு மாசமும் சடை எல்லாம் கடல்முள்ளி மாதிரி நட்டுக்கொண்டு நிக்கும், நாலாம் மாசம் போலத்தான் சாயத் தொடங்கும். அந்த மூண்டு மாசத்திலதான் கன பேர் வெட்டிப்போடுறது, வெட்டாதேங்கோ.

இப்ப மாரி. ஐப்பசியில இருந்து தை வரைக்கும் எங்கட ஊரில வெயிலை நம்பேலாது, சடை வெளியால காய்ஞ்ச மாதிரி இருக்கும், உள்ளுக்கு ஈரம் கிடக்கும், அதோட படுத்தா நான் சொன்ன அந்தச் சாக்கு மணம் திரும்ப வரும். காலமை தோய்ஞ்சு, ஒவ்வொரு சடையையும் துவாயால சுத்திப் பிழிஞ்சு, ஃபேனுக்குக் கீழ ரெண்டு மணித்தியாலம். கட்டை மயிரில தொடங்கிறதில இது ஒரு நன்மை, இப்ப 4 அங்குலச் சடை அந்தளவு நேரத்தில காயும், முதுகு வரைக்கும் இருக்கிறவைக்கு ஒரு நாள் முழுக்க வேணும்.

காய்ஞ்ச பிறகு ஒவ்வொண்டையும் ரெண்டு உள்ளங்கைக்கும் நடுவில வச்சு உருட்டோணும், அப்பத்தான் உருண்டையா வரும். ஆவணியில ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம் நான் விறாந்தையில இருந்து உருட்டிக்கொண்டிருந்தன், அம்மம்மா பத்திரகாளி கோயிலுக்குக் கொண்டுபோக விளக்குத்திரி திரிச்சுக்கொண்டிருந்தா. பஞ்சைப் பிச்சு, கையில வச்சு, ஒரு உருட்டு, நுனியில ஒரு திருகல். கொஞ்ச நேரம் என்னைப் பாத்திட்டு "உப்பிடி முன்னுக்கும் பின்னுக்கும் உருட்டினா அவிழும், ஒரு பக்கமா உருட்டு" எண்டா. பிறகு "இஞ்ச வா" எண்டு கூப்பிட்டு, கையில இருந்த பஞ்சுத் தும்பைச் சீலையில தட்டிப்போட்டுப் பிடரியில இருந்த ஒரு சடையைப் பிடிச்சு உருட்டினா. திரி திரிக்கிற அதே கை. எனக்குப் பின்னால தெரியாது, ஆனா அவவின்ர உள்ளங்கைச் சூடு கழுத்தில பட்டது, நல்லெண்ணெய் வச்சுத் தேய்க்கிற நாளில படுற மாதிரி. அண்டையில இருந்து சனிக்கிழமைகளில பின்பக்கம் அவவின்ர, முன்பக்கம் என்ர.

பிடரியில மூண்டு இன்னும் அடியில தளர்ந்து கிடக்கு, அந்த இடத்து மயிர் பட்டு மாதிரி, எத்தினை தரம் ஊசி போட்டாலும் வழுக்குது. பொங்கலுக்கு மச்சாள் வருவா, அதுவரைக்கும் தொடாம விட்டிருக்கிறன்.