நீலம் வராத இரண்டு கோடுகள்

மார்ச் 4, 2024, திங்கள்
அக்காவுக்கு வயிறு ஊதி மூன்று வாரம் ஆகிறது. பட்டர்வொர்த்தில் ஒரு கிளினிக்கில் இரண்டு தடவையும் கேஸ்ட்ரிக் என்று மருந்து கொடுத்து அனுப்பிவிட்டார்கள். இன்று குளித்துவிட்டு வந்தவள் வலது விலாவைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். கணுக்காலை அமுக்கினேன், குழி அப்படியே நின்றது. இது வாயு இல்லை. நாளைக் காலை ஃபெர்ரியில் பினாங்குத் தீவு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகிறேன்.

மார்ச் 5, செவ்வாய்
ராத்திரியிலிருந்து பட்டினி. குடலில் காற்று இருந்தால் ஸ்கேனில் கல்லீரல் சரியாகத் தெரியாதாம்.

ரத்த ஓட்டத்தை நிறமாகக் காட்டும் டாப்ளர் ஸ்கேன் எடுத்த டாக்டர் தமிழர். திரையை என் பக்கம் திருப்பிக் காட்டினார். கல்லீரலிலிருந்து ரத்தம் வெளியேற மூன்று பெரிய சிரைகள். கோழிக்கால் விரல்கள் மாதிரி விரிந்து, மேலே பெருஞ்சிரையில் போய்ச் சேரும். கருவியை நோக்கி வரும் ரத்தம் சிவப்பாகவும் விலகிப் போவது நீலமாகவும் தெரியும்படி வைத்திருந்தார். உள்ளே வரும் சிரையில் சிவப்பு மெதுவாக ஊர்ந்தது. வெளியே போகும் மூன்றும் நீலமாக இருக்க வேண்டும். வலது, கருப்பு. நடு, கருப்பு. இடதில் மட்டும் நூல் மாதிரி ஒரு நீலம். பக்கத்தில் சிலந்தி வலை போல் கோணல் சிரைகள், ரத்தம் தானே தேடிக்கொண்ட சந்துகள்.

அக்கா கூரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் அவள் பாதத்தைப் பிடித்துக்கொண்டேன்.

மார்ச் 7, வியாழன்
சிடி ஸ்கேனிலும் அதேதான். கல்லீரலிலிருந்து ரத்தம் வெளியேறும் சிரைகள் அடைத்துக்கொள்ளும் நோயாம், பட்-கியாரி என்று பெயர். கல்லீரலின் பின்பக்கத்துச் சின்ன மடல் மட்டும் பெருத்திருக்கிறது. அதற்குப் பெருஞ்சிரைக்குள் நேராகப் போகத் தனிச் சிறு சிரைகள் உண்டு, அதனால் அது தப்பித்து மற்றதற்கும் சேர்த்து உழைக்கிறதாம். அதைக் கேட்டதும் எனக்கு அழுகை வந்துவிட்டது. நம் வீட்டில் அக்காவும் அப்படித்தான்.

ஹீமோகுளோபின் 18.6, மிக அதிகம். ரத்தம் கெட்டியாகி உறைந்திருக்கலாம் என்று, ரத்த அணுக்களை அளவுக்கு மீறிப் பெருக்கும் மரபணு மாற்றம் இருக்கிறதா எனப் பார்க்கும் ஜாக்2 பரிசோதனைக்கு அனுப்பியிருக்கிறார்கள். கருத்தடை மாத்திரையை உடனே நிறுத்தச் சொன்னார்கள். ரத்தம் மேலும் உறையாமலிருக்க ஹெப்பாரின் ஊசி ஆரம்பம்.

மார்ச் 18, திங்கள்
ஜாக்2 பாசிட்டிவ். இனி ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் மாத்திரை; ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று காட்டும் ஐஎன்ஆர் அளவு 2-க்கும் 3-க்கும் நடுவில் நிற்க வேண்டும். சிரை திறக்காவிட்டால் பலூன் வைத்து விரிப்பார்கள். வயிற்றுச் சுற்றளவு 96 செ.மீ.-லிருந்து 91.

கீரை இந்த மாத்திரையின் வேகத்தைக் குறைக்குமாம்; ஆனாலும் நிறுத்த வேண்டாம், தினமும் ஒரே அளவாகச் சாப்பிட்டால் போதும் என்றார் நர்ஸ் மிஸ்ஸி. அம்மா மைலோ டின் மூடியில் முருங்கைக் கீரையை அளந்து வைக்கிறார். அடுத்த டாப்ளர் ஏப்ரல் 2.