மரம் இடப்பக்கம்: ரவுட்டர் பழகிய நாட்கள்

2025 ஓகஸ்ட் 2, சனி

அம்மா நல்லூர்த் திருவிழாவுக்கு யாழ்ப்பாணம் போய்விட்டார். தேர், தீர்த்தம் எல்லாம் முடிந்து அவர் வெள்ளவத்தைக்குத் திரும்பி வருவதற்குள் ஒரு சாமித்தட்டு செய்து சுவரில் மாட்டிவிட வேண்டும். பலகை இருக்கிறது. அம்மப்பா வீட்டுக் கதவில் இருந்த பலா. கழற்றிக் கொண்டு வந்த நாளிலிருந்து கட்டிலுக்குக் கீழேதான் கிடக்கிறது. வெளியே கறுத்த சிவப்பு. ஒரு மூலையைச் சீவிப் பார்த்தேன், உள்ளே இன்னும் மஞ்சள்.

காலையில் 100 ஆம் இலக்க பஸ்ஸில் புறக்கோட்டைக்குப் போய், பழைய சோனகத் தெருவில் கடை கடையாக ஏறி இறங்கி, மரம் செதுக்கும் மெஷின், ஒரு சின்ன ரவுட்டர் வாங்கினேன். ஒரு கைக்குள் அடங்கும் வகை. கடையில் டிரிம்மர் என்றார்கள். இரண்டு கைப்பிடி வைத்து, ஸ்பிரிங்கில் அமுக்கி இறக்கும் பெரிய பிளஞ்ச் ரவுட்டரையும் காட்டினார்கள். பலகையின் நடுவில் நேராக இறங்கி வெட்டுவதற்கு அதுதான் வசதி. ஆனால் நல்ல கனம். விளிம்பு வேலைக்கும் சின்னக் காடிக்கும் (நீளப் பள்ளத்துக்கும்) டிரிம்மர் போதும் என்று முடிவு செய்தேன்.

வீட்டுக்கு வந்து பிரித்துப் பார்த்தால், அஞ்சுவதற்கு அதில் ஒன்றும் இல்லை. ஒரு மோட்டர், அதன் நுனியில் பிட்டை, அதாவது வெட்டும் அலகை, கவ்வும் கொலட், மரத்தின் மேல் வழுக்கிப் போக ஓர் அடித்தட்டு. ட்ரில் குத்தும், வாள் அறுக்கும். ரவுட்டர் பக்கவாட்டில் செதுக்கிக்கொண்டே போகும். என்ன வடிவில் செதுக்கும் என்பது பிட்டைப் பொறுத்தது. நேர்ப் பிட் காடி எடுக்கும். நுனியில் சின்னப் பேரிங் உள்ள ரவுண்ட்ஓவர் பிட், அந்தப் பேரிங்கைப் பலகையின் விளிம்பில் உருட்டிக்கொண்டே போய், விளிம்பின் கூர்மையைத் தேய்த்து வளைக்கும். இந்த இரண்டும்தான் இப்போதைக்கு என்னிடம் உண்டு.

2025 ஓகஸ்ட் 3, ஞாயிறு

மொட்டை மாடியில், துணிக்கொடிகளை எல்லாம் ஒதுக்கிவிட்டு, ஒரு கழிவுப் பலகையைக் கிளாம்ப் போட்டு இறுக்கினேன். கண்ணாடி, காதுக்கு அடைப்பு, மாஸ்க். தலைமுடியை இறுக்கிக் கட்டி, சங்கிலியைக் கழற்றி வைத்தேன். பிட் மாற்றும்போது பிளக்கைச் சுவரிலிருந்து பிடுங்கிவிட வேண்டும். சுவிட்சை நம்பக் கூடாது.

மெஷினில் நிமிடத்துக்கு 30,000 சுற்று என்று எழுதியிருக்கிறது. நொடிக்கு 500. கணக்குப் போட்டுப் பார்த்தேன்: 6 மில்லிமீற்றர் பிட்டின் வெட்டு முனை நொடிக்கு ஒன்பது மீற்றரும் சொச்சமும் ஓடுகிறது. அதே சுற்றில் 25 மில்லிமீற்றர் பிட்டைப் போட்டால் 39 மீற்றர், அதாவது மணிக்கு 140 கிலோமீற்றர். தெற்கு அதிவேகப் பாதையில் காருக்கே 100 தான் அனுமதி. பெரிய பிட்டுக்கு வேகத்தைக் குறைக்கச் சொல்வது ஏன் என்று அப்போதுதான் விளங்கியது.

விளிம்பை வலமிருந்து இடமாக ஓட்டினேன். மெஷின் கையை உதறிக்கொண்டு முன்னால் ஓடப் பார்த்தது. உடனே நிறுத்திவிட்டேன். கை நடுக்கம் அடங்கச் சிறிது நேரம் எடுத்தது.

2025 ஓகஸ்ட் 5, செவ்வாய்

வேலை முடிந்து வரும்போது எங்கள் ஒழுங்கைக் கடைசியில் தளபாடம் செய்யும் ஐயாவிடம் நடந்ததைச் சொன்னேன். மொறட்டுவைப் பட்டறைகளில் பல காலம் வேலை செய்த கை. கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"பிள்ளை, கோயிலை எந்தப் பக்கத்தாலை சுத்துவாய்?"

"வலம்தானே ஐயா."

"அப்ப சாமி உன்ர வலக்கைப் பக்கம். இதுக்கு அப்பிடியே எதிர். நீ போற பக்கத்துக்கு மரம் எப்பவும் இடக்கைப் பக்கம் இருக்கோணும்."

பிறகு பென்சிலால் ஒரு சட்டம் வரைந்து காட்டினார். மேலிருந்து பார்த்தால் பிட் கடிகார முள் சுற்றும் பக்கம் சுற்றுகிறது. பலகையின் வெளி விளிம்பில் நாம் அதற்கு எதிர்ச்சுற்றாகப் போனால், பிட்டின் பல் வருகிற மரத்தை எதிர்கொண்டு கடிக்கும்; மெஷினும் மரத்தோடு தானாகவே ஒட்டிக்கொள்ளும். மற்றப் பக்கமாகப் போனால் பல், சில்லுப் போல மரத்தில் உருண்டு ஓடிவிடும். ஞாயிறு எனக்கு நடந்தது அதுதான். ஒரு சட்டத்தின் உள்விளிம்பு என்றால் கடிகாரப் பக்கமாகவே போக வேண்டும், ஏனென்றால் அப்போதும் மரம் இடக்கைப் பக்கம்தான் இருக்கும். வெளியே எப்படி, உள்ளே எப்படி என்று தனித்தனியாகப் பாடமாக்க வேண்டியதில்லை. ஐயா சொன்ன இந்த ஒரு வரி போதும்.

2025 ஓகஸ்ட் 8, வெள்ளி

நிக்கினிப் போயா. பக்கத்து வீட்டில் சில் (பௌத்தர்களின் போயா நோன்பு) எடுத்திருக்கிறார்கள், மெஷினைத் தொடவில்லை. அளவு மட்டும் குறித்தேன். பின் அடைப்புக்கு 6 மில்லிமீற்றர் பிளைவுட், அதை இறக்க 6 மில்லிமீற்றர் ஆழக் காடி. அடித்தட்டு 90 மில்லிமீற்றர் சதுரம், பிட் 6. மிச்சம் 84, அதில் பாதி 42. காடியின் விளிம்பிலிருந்து 42 தள்ளி ஒரு நேர்ச்சட்டத்தைக் கிளாம்ப் பண்ணினால் மெஷின் அதை உரசிக்கொண்டு நேராகப் போகும். எனக்கு முன்பக்கமாகத் தள்ளும்போது மெஷின் இடப்பக்கம் சாயப் பார்க்கும். ஆகவே சட்டம் இடப்பக்கம் இருக்க வேண்டும்.

2025 ஓகஸ்ட் 9, சனி

மனம் சரியில்லை. முதல் காடி பழுதாகிவிட்டது.

ஒரே தள்ளில் ஆறு மில்லிமீற்றர் வெட்டக் கூடாது என்று தெரியும். மூன்று, அப்புறம் இன்னொரு மூன்று என்று இரண்டு தரம் ஓட்டினேன். சத்தம் நன்றாகத்தான் இருந்தது. தூளும் மஞ்சளாக அழகாகப் பறந்தது. (முன்பு பிக்குமாரின் காவியைப் பலா வைரத்தை (மரத்தின் நடுப்பாகத்தை) அவித்த நீரில்தான் தோய்த்தார்கள். அந்த மஞ்சள் முழங்கை வரை ஒட்டியிருந்தது.) முடித்துவிட்டு அளந்தால் தொடக்கத்தில் ஆழம் 6, கடைசியில் எட்டரை.

பலகையைத் தூக்கிக்கொண்டு ஐயாவிடம் ஓடினேன். அவர் காடியைப் பார்க்கவே இல்லை. பிட்டைக் கழற்றச் சொன்னார். அதன் தண்டைச் சுற்றி மெல்லிய பளபளப்பான கீறல் வளையங்கள். வேர்னியர் வைத்து அளந்தோம்: தண்டு சரியாக 6 மில்லிமீற்றர். மெஷினில் இருந்த கொலட்டோ கால் அங்குலம், அதாவது 6.35. ஸ்பேனரால் இறுக்கும்போது பிடித்த மாதிரித்தான் இருந்தது. ஆனால் வெட்ட வெட்டப் பிட் இழுபட்டு மெல்ல மெல்லக் கீழே இறங்கியிருக்கிறது. மெஷினையும் பிட்டையும் ஒரே கடையில் வாங்கினேன். விற்றவரும் அளந்து பார்க்கவில்லை, நானும் கேட்கவில்லை. "மரம்தானே போச்சு, பிட் கழண்டு பறக்கேல்லை, அதைப் பார்" என்றார் ஐயா. அவர் சொன்னதை நினைக்க நினைக்க வயிறு கலங்குகிறது.

இனி வாங்கும் ஒவ்வொரு பிட்டின் தண்டையும் அளந்துதான் பூட்டுவேன். இன்னொன்றும் காட்டித் தந்தார்: பிட்டை அடிவரை தள்ளிவிட்டு, ஒரு 3 மில்லிமீற்றர் மேலே இழுத்து, அதன் பிறகு இறுக்க வேண்டும். அடியில் முட்டிக்கொண்டு இருந்தால் கொலட் ஒழுங்காகக் கவ்வாது.

2025 ஓகஸ்ட் 12, செவ்வாய்

அரைநாள் லீவு போட்டுப் புறக்கோட்டைக்குப் போனேன். 6 மில்லிமீற்றர் கொலட் கிடைத்துவிட்டது.

2025 ஓகஸ்ட் 16, சனி

பழுதான துண்டைக் கீழ்த்தட்டாக மாற்றி, ஆழம் கூடிய இடத்தில் ஒரு பலாச் சில்லை ஒட்டி மட்டம் செய்தேன். மற்ற இரண்டு பலகையிலும் காடி சரியாக ஆறு. பிளைவுட் விரலால் தள்ள உள்ளே போனது.

பிறகு விளிம்பு. ரவுண்ட்ஓவர் பிட்டைப் போட்டு, முதலில் குறுக்குத் தலைப்பு (நாருக்குக் குறுக்கான விளிம்பு), அதன் பிறகு நீளப் பக்கம். இந்த ஒழுங்கை மாற்றக் கூடாது. தலைப்பில் பிட் வெளியேறும் மூலையில் நார் பிய்ந்துவிடும். நீளப் பக்கத்தை அடுத்து ஓட்டும்போது அந்தப் பிசிறும் சேர்ந்து வெட்டுப்பட்டுப் போகும். எதிர்ச்சுற்று, மரம் இடப்பக்கம். மெஷின் பலகையோடு ஒட்டிக்கொண்டு, வெண்ணெய்யில் கத்தி போவது போல வந்தது. ஞாயிறு என் கையை உதறிய அதே மெஷின்!

மூன்றாவது மூலையில் திரும்பும்போது ஒரு கணம் தயங்கி நின்றுவிட்டேன். அந்த ஒரு கணத்தில் மரம் கருகி, கட்டைவிரல் அளவு கறுப்புத் தடம் விழுந்தது. பிட் சுற்றிக்கொண்டு இருக்கும்போது நிற்கவே கூடாது. போகப் பயமாக இருந்தால் மெஷினை வெளியே எடுத்துவிட வேண்டும்.

2025 ஓகஸ்ட் 17, ஞாயிறு

கறுப்புத் தடத்தை 120 ஆம் இலக்க அரத்தாளால் தேய்த்தேன். முக்கால்வாசி போய்விட்டது. மிச்சம் சுவர்ப் பக்கமாகத் திரும்பும். தட்டை ஒட்டிக் கிளாம்ப் போட்டு வைத்திருக்கிறேன். இரவு அம்மா தொலைபேசியில் பேசினார். "வீட்டில என்ன மரவாசம் எண்டு கீழ் வீட்டு அன்ரி கேக்கிறா" என்றார். வாசம் வருகிறது என்று மட்டும் சொன்னேன்.