பலாலியால் சென்னைக்கு: அம்மாவின் பெயர் பட்ட பாடு

கிளிநொச்சியில் இருந்து அம்மாவைக் கண் காட்டச் சென்னைக்குக் கூட்டிக்கொண்டு போனதைப் பற்றிக் கன பேர் கேட்டபடியால் எழுதுகிறேன். யாழ்ப்பாணத்துப் பலாலி விமான நிலையத்தால் போனால், கொழும்புப் பக்கம் கட்டுநாயக்க விமான நிலையத்துக்கு இரவிரவாக பஸ்ஸில் இருக்கத் தேவையில்லை, அது ஆறுதல்தான். பேப்பர் வேலை மட்டும் எங்கே போனாலும் ஒன்று.

அம்மாவின் பிறப்புச் சான்றிதழ் 2009 இடப்பெயர்வில் போய்விட்டது. பிரதேச செயலகத்தில் பிரதி எடுத்தோம், பிறகு வவுனியா அலுவலகத்தில் கைரேகை வைத்துக் கடவுச்சீட்டு. வரிசை நீளம், மற்றபடி சிக்கல் இல்லை.

சிக்கல் டிக்கெட்டில் வந்தது. கடவுச்சீட்டில் அம்மாவுக்குக் குடும்பப் பெயராக இருப்பது தாத்தாவின் பெயர். டிக்கெட் போட்டவரோ, கலியாணம் கட்டினவதானே என்று அப்பாவின் பெயரை அடித்துவிட்டார், கேட்டால் "அதெல்லாம் பார்க்க மாட்டினம் அக்கா" என்கிறார். பார்ப்பார்கள். கடவுச்சீட்டின் படப் பக்கத்து அடியில் 44 எழுத்து வீதம் இரண்டு வரி இருக்கிறதே, மெஷின் வாசிப்பது அதைத்தான், அதில் பெயருக்கு 39 இடம் (எங்கள் ஆட்களின் பெயர் நீளத்துக்கு அது சில நேரம் காணாது). அந்த வரியைப் பார்த்து டிக்கெட் போடச் சொல்லுங்கள். திருத்தக் காசு கட்டினது நாங்கள்தான்.

முந்தி ஓமந்தைச் சோதனைச்சாவடியில் நாங்கள் போய் நின்ற பிறகுதான் பெயரைப் பதிந்தார்கள். விமானத்தில் அப்படியில்லை, ஆள் இந்தியாவில் இறங்க முதலே பெயர், பிறந்த திகதி, கடவுச்சீட்டு இலக்கம் எல்லாம் விமானக் கம்பனி வழியாக அங்கே போய்விடும். கொழும்பு பஸ்ஸில் பேர் ஊர் சொல்லாமல் போகலாம், இதில் அந்தக் கதையே இல்லை. திரும்பும்போது சென்னையில் கட்டிட வாசலிலேயே டிக்கெட்டும் கடவுச்சீட்டும் காட்டித்தான் உள்ளே போனோம்.

அதிகாரிகளுக்குத் தெரிவதை நாங்கள் தடுக்க ஏலாது, சரி. ஊருக்கெல்லாம் ஏன் காட்ட வேண்டும்? போர்டிங் பாஸில் உள்ள பார்கோடில் பெயரும் முன்பதிவுக் குறியீடும் இருக்கின்றன. அந்த இரண்டும் கிடைத்தால் சில கம்பனிகளின் தளத்தில் உங்கள் பயண விபரத்தை யாரும் திறந்து பார்க்கலாம், திரும்பி வரும் டிக்கெட்டில் கைவைக்கவும் முடியும். தம்பி போர்டிங் பாஸைப் படமெடுத்து முகநூலில் போட்டிருந்தான். அவனை ஏசி அந்தப் படத்தை நீக்க வைத்தேன், நிறைய லைக் விழுந்ததாம், இன்னும் அவனுக்குக் கோபம்.