தேதி போட்ட பொருள்கள்: 14 மாதக் கணக்கு

ஒரு பொருளை முதன்முதலாகப் பயன்படுத்தும் நாளில் அதன் மீது தேதி எழுதுகிறேன். அது ஓய்ந்ததும் நோட்டில் முடிவுத் தேதியைப் பதிகிறேன். இதுவரை 63 வரிகள், முடிந்தவை 22.

தொடக்கத் தேதி எழுதுவதில் சிக்கலே இல்லை. முடிவுத் தேதிதான் படுத்துகிறது. குண்டு பல்பு நாணயமானது. சுமார் 1,000 மணி நேரம் எரியும், இழை அறும், கதை முடியும். எல்இடி விளக்கோ மங்கிக்கொண்டே போகும். தொடக்க வெளிச்சத்தில் 70 சதவீதத்துக்கு இறங்கும் வரையிலான காலத்தைத்தான் பெரும்பாலும் அதன் ஆயுள் என்கிறார்கள். பல் துலக்கும் பிரஷ்ஷுக்கு முட்கள் வெளியே வளைந்தால் முடிந்தது என்று நானே சட்டம் போட்டேன். அதைப் பிறகு இரண்டு முறை எனக்குச் சாதகமாக மாற்றினேன். டார்ச்சில் ஓய்ந்த ஒரு பேட்டரியைச் சுவர்க் கடிகாரத்தில் போட்டுப் பார்த்தேன். ஐந்து மாதமாக ஓடுகிறது. ஒரே பேட்டரிக்கு நோட்டில் இரண்டு வரிகள்!

ஆறாம் மாதம் பேனாக் கணக்கைப் போட்டபோது ஒரு பெரிய தவறு செய்தேன். 12 பேனாக்களில் தீர்ந்தவை ஐந்து. சராசரி 47 நாள். பெருமையாக அடிக்கோடிட்டேன். இரண்டு நாள் கழித்துத்தான் உறைத்தது: எழுதிக்கொண்டிருக்கும் ஏழையும் கணக்கிலேயே சேர்க்கவில்லை. அவற்றில் மூன்று 100 நாளைத் தாண்டியவை. சீக்கிரம் செத்தவற்றை மட்டும் எண்ணினால் ஆயுள் குறைவாகத்தானே தெரியும்? இதற்கு கேப்லன், மையர் என்ற இருவர் 1958இல் வெளியிட்ட ஒரு முறை இருக்கிறது. மருத்துவ ஆய்வுகளில் நோயாளிகளின் ஆயுளை மதிப்பிடுவதும் இதே முறையில்தான். ஒவ்வொரு பேனா தீரும் நாளிலும், அதுவரை களத்தில் இருந்தவற்றில் எத்தனை பங்கு தப்பின என்று பார்த்து, அந்தப் பங்குகளை வரிசையாகப் பெருக்கிக்கொண்டே வரவேண்டும். அப்படிப் போட்டுப் பார்த்ததில், பாதிப் பேனாக்கள் தீர 76 நாள் என்று வந்தது.

உயிருள்ளவற்றுக்குத் தனிப் பக்கம். நடுவிரல் நகத்தின் அடியில் ஒரு கோடு கீறி, மங்கும்போதெல்லாம் புதுப்பித்தேன். நுனிக்கு வர ஏறக்குறைய ஐந்து மாதம். அவ்வளவுதான், அதில் வேறு சுவாரசியம் இல்லை.

விதைகள் வேறு ரகம். நான்கு ஆண்டுக்கு முன் வாங்கிய தக்காளி விதை பத்தை ஈரத்தாளில் வைத்தேன், ஏழு முளைத்தன. அதே வயதுடைய வெங்காய விதை பத்தில் ஒன்றுகூட அசையவில்லை. வெங்காய விதை ஓரிரு ஆண்டில் சோர்ந்துவிடும் என்பது தெரிந்ததுதான். விதையின் ஈரப்பதம் ஒரு சதவீதம் குறைந்தால் ஆயுள் இரட்டிக்கும், சேமிக்கும் வெப்பநிலை ஐந்து டிகிரி செல்சியஸ் குறைந்தாலும் இரட்டிக்கும் என்று தோராயமான விதி ஒன்று உண்டு. என் பொட்டலம் கிடந்ததோ சமையலறை அலமாரியில். 14ஆம் நாள் "இறந்தது" என்று பத்துக்கும் சேர்த்து எழுதினேன்.

தாளை எறிய மறந்தது நல்லதாகப் போயிற்று. 19ஆம் நாள் ஒரு வெள்ளை வேர்.

அவசரப்பட்டதற்கு எனக்குச் சரியான குட்டு. அமெரிக்காவின் மிச்சிகனில் வில்லியம் ஜேம்ஸ் பீல் என்ற தாவரவியலாளர் 1879இல் 20 பாட்டில்களில் விதைகளை மணலோடு கலந்து புதைத்தார். 2021இல் தோண்டிய பாட்டிலிலும் சில முளைத்தன. அடுத்தது 2040இல். அவரைப்போல் காத்திருக்க எனக்குப் பொறுமை போதாது.

ஈசலைக்கூட இப்போது வேறு கண்ணோடு பார்க்கிறேன். ஒரு நாள் வாழ்வு என்று அதற்குப் பெயர். பெரும்பாலானவை பறவைக்கும் பல்லிக்கும் இரையாகின்றன என்பது உண்மைதான். ஆனால் தப்பி, சிறகு உதிர்த்து, இணையோடு மண்ணுக்குள் போகும் ஒரு பெண் ஈசல் கறையான் ராணியாகிப் பத்தாண்டுக்கு மேலும் வாழக்கூடும். உதிர்ந்த சிறகைப் பார்த்து நாம்தான் முடிவுத் தேதி எழுதிவிட்டோம்.

வெங்காய நாற்று இப்போது ஒரு கோப்பையில் இரண்டு இலையோடு நிற்கிறது. அதற்கு 64ஆவது வரி திறந்திருக்கிறேன். தொடக்கத் தேதிக் கட்டம் மட்டும் காலி. வேர் விட்ட நாளை எழுதுவதா, பொட்டலத்தில் அச்சிட்ட நாளையா?